மூன்றாவது பச்சை விளக்கு

“திருப்பு” என்றார் வெளியிலிருந்து.

திருப்பினேன். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, தரையோடு தரையாக இருந்த சிவப்புக் கைப்பிடி. கால் வட்டம்தான். உள்ளே எங்கோ குழாயில் எண்ணெய் ஓடும் சத்தம். அடுத்த நொடி இடது இறக்கைக்கு அடியில் ஒரு ‘தொப்’. வலது பக்கம் இன்னொரு ‘தொப்’. விமானம் ஜாக்கிகளின் மேல் லேசாக அதிர்ந்து அடங்கியது. எனக்கு எதிரே பேனலில் இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன.

மூன்று எரிய வேண்டும்.

“பல்பா இருக்கும்” என்றேன். சாஃப்ட்வேர்காரன் புத்தி. முதலில் சென்சாரைத்தான் சந்தேகப்படுவோம்.

அவர் பதில் சொல்லவில்லை. குனிந்து மூக்கின் அடியில் பார்த்தார். நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். முன்சக்கரம் இறங்கித்தான் இருந்தது. பார்ப்பவர்கள் யாரும் அதில் குறை சொல்ல முடியாது. அவர் ஆள்காட்டி விரலை அந்தச் சக்கரத்தின் மேல் வைத்து மெதுவாகத் தள்ளினார். ஊஞ்சல் மாதிரி பின்னால் போனது. விரலை எடுத்தார், திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார், மறுபடி போனது.

சக்கரம் இறங்கியிருந்தது, ஆனால் பூட்டிக்கொள்ளவில்லை. அப்படியே தரையிறங்கியிருந்தால் ஓடுபாதையைத் தொட்ட நொடியில் அது மடங்கியிருக்கும். புரொப்பெல்லர் தார்ச்சாலையைக் கொத்தியிருக்கும்.

கையிலிருந்த ஸ்பேனரை மேஜை மேல் வைத்துவிட்டு, காபி போடப் போனார். அரை மணி நேரம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

சியாட்டிலுக்கு வடக்கே ஒரு சின்ன விமான நிலையம். கார் ஷெட் மாதிரி வரிசையாக ஹேங்கர்கள். அதில் ஒன்றில் பதினான்கு வருடங்களாக ஒருவர் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட். இங்கே அவரைப் பெரியவர் என்றே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்காரர். ஒருநாள் குப்பைத்தொட்டி தள்ளிக்கொண்டு போகும்போது, “உன் கை சின்னதா இருக்கு, ஒரு உதவி வேணும்” என்றார். அவர் கை நுழையாத இடத்தில் ஒரு நட்டை மாட்ட வேண்டும். அப்படித்தான் உள்ளே போனேன். இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் அங்கேதான் இருந்தேன்.

வீட்டில் கட்டும் விமானம் என்றால் நம் ஊரில் சிரிப்பார்கள். அமெரிக்காவில் அது பெரிய உலகம். இதற்கான சங்கமான இஏஏ 1953-ல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் விஸ்கான்சினில் ஆஷ்காஷ் என்ற ஊரில் திருவிழாவே நடக்கும். சட்டம் ஒன்றுதான் கேட்கிறது: வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவரே, தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும். செய்துவிட்டால் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று எழுதிக்கொண்டு பறக்கலாம். தொழிற்சாலை விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளை இது பூர்த்தி செய்யவில்லை என்று பயணி கண்ணில் படும்படி ஒரு தகடும் ஒட்ட வேண்டும்.

அந்தத் தகட்டுக்குள் நிறைய அர்த்தம் இருக்கிறது. தொழிற்சாலையில் செய்யும் விமானத்துக்கு மடங்கும் சக்கரம் இருந்தால், வழக்கமான முறை கெட்டுப்போனாலும் அதை இறக்க இன்னொரு வழி வைத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. வீட்டு விமானத்தில் அந்த இன்னொரு வழியை யோசிப்பது, செய்வது, சோதிப்பது எல்லாம் கட்டுபவர் பொறுப்பு. அவரைத் தட்டிக்கேட்க அவரேதான்.

சக்கரத்தை எதற்கு மடக்க வேண்டும்? காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதைத் தள்ளத் தேவையான பவர் எட்டு மடங்கு. மெதுவாகப் போகும் விமானத்துக்குக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவதில் பெரிய நஷ்டம் இல்லை. வேகமாகப் போக வேண்டும் என்றால் மடக்கத்தான் வேண்டும். உலகத்தில் அதிகம் கட்டப்படும் வீட்டு விமானங்களான ஆர்வி வரிசையை உருவாக்கிய ரிச்சர்ட் வான்குரூன்ஸ்வன் அந்தப் பக்கமே போகவில்லை. நிலையான சக்கரம், நல்ல வடிவத்தில் ஓர் உறை, முடிந்தது. பத்தாயிரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன. இல்லாத ஒன்று எப்படிக் கெட்டுப்போகும்?

“அப்புறம் நீங்க ஏன் மடக்கறீங்க?” என்று கேட்டேன்.

“பார்க்க நல்லா இருக்கும்” என்றார், வெட்கப்படாமல்.

*

மடக்க முடிவு செய்தவர்கள் ஆளுக்கொரு விதமாக யோசித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி. இரண்டு பின்சக்கரங்களும் நிலையானவை. முன்சக்கரம் மட்டும் மடங்கும், அதுவும் விமானி கையால் சுற்றும் ஒரு கிராங்க்கால். மோட்டார், பம்பு, எண்ணெய் எதுவும் கிடையாது. நிறுத்தி வைக்கும்போதே முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி, தொழுகையில் குனிந்த மாதிரி விட்டுவிடுவார்கள். முன்சக்கரம் இறங்கவில்லை என்றால் என்ன ஆகும்? கடைசியில் மூக்கு கொஞ்சம் தேயும். தோற்றால் எவ்வளவு இழப்பு என்பதையே சின்னதாக்கிவிட்ட வடிவமைப்பு.

இங்கிலாந்தில் 1992-ல் முதலில் பறந்த யூரோப்பாவில் பிரதானச் சக்கரம் ஒன்றே ஒன்று. அதை இறக்கும் அதே நெம்புகோல்தான் இறக்கைப் பின்விளிம்பின் ஃபிளாப்பையும் இறக்கும். ஒன்றை மறந்தால் மற்றதும் இல்லை. ஃபிளாப் இல்லாமல் விமானம் கீழே வர மறுக்கும்போதே விமானிக்கு எதையோ மறந்தது உறைத்துவிடும்.

தொழிற்சாலை விமானமான பீச் பொனான்சாவில் மின்மோட்டார் செத்தால், முன் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடியைச் சுமார் ஐம்பது முறை சுற்ற வேண்டும். விமானத்தையும் ஓட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, ஐம்பது சுற்று. கிணற்றில் தண்ணீர் இறைத்த யாருக்கும் ஐம்பது என்பது எவ்வளவு என்று தெரியும்.

பெரியவருடையது ஹைட்ராலிக். பேட்டரி ஒரு பம்பை ஓட்டும், பம்பு எண்ணெயை அழுத்தும், அழுத்தம் சக்கரத்தைத் தூக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. சக்கரத்தை மேலே பிடித்து வைத்திருப்பதும் அந்த அழுத்தம்தான். கொக்கி கிடையாது. எனவே குழாய் வெடித்து எண்ணெய் எல்லாம் போனாலும் சக்கரம் தானாகவே கீழே வந்துவிடும். கெட்டுப்போவதே நல்ல திசையில் கெட்டுப்போகும்படி ஒரு ஏற்பாடு. பம்பு சிக்கிக்கொண்டால் அந்தச் சிவப்புக் கைப்பிடி. அழுத்தத்தைத் திறந்துவிட்டால் மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

முன்சக்கரம் மட்டும் தகராறு. அது பின்பக்கமாக மடங்குகிறது. இறங்கும்போது எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வர வேண்டும். கடைசிச் சில பாகைகளில் முழங்கால் நேராகிப் பூட்டிக்கொள்வது போல ஓர் இணைப்பு நிமிர்ந்து பூட்ட வேண்டும். அந்தக் கடைசித் தள்ளலுக்குப் புவியீர்ப்பு போதாது. அதற்காக ஒரு கேஸ் ஸ்ட்ரட். கார் டிக்கியைத் திறந்தால் தூக்கிப் பிடிக்குமே, அந்தக் கறுப்புக் குழாய். அதேதான்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் சும்மா இருப்பேனா? ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போடலாம் என்றேன். வேகமும் உயரமும் குறைந்து, சக்கரம் இறங்காமல் இருந்தால் அதுவே பம்பை ஓட்டிவிடும்.

“பேட்டரி போயிட்டா?”

“இன்னொரு பேட்டரி.”

“அது நல்லா இருக்கான்னு யார் பார்ப்பா?”

“அதுக்கு ஒரு சென்சார்...”

சிரித்தார். பிறகு பைப்பர் ஏரோவைப் பற்றிச் சொன்னார். 1960-களின் கடைசியில் வந்தபோது அதில் நான் சொன்னது மாதிரியே, கணினி இல்லாமல், காற்றழுத்தத்தைக் கொண்டே இயங்கும் ஒன்று இருந்தது. வேகம் குறைந்தால் தானாகச் சக்கரத்தை இறக்கிவிடும். மறதிக்காரர்களுக்கு வரம். ஆனால் எஞ்சின் நின்றுபோய், மிதந்து மிதந்து ஏதாவது ஒரு வயலை எட்டப் பார்க்கிறவருக்கும் அதே வேலையைச் செய்யும். சக்கரம் இறங்கினால் காற்று இழுக்கும். வயல் வருவதற்குள் உயரம் தீர்ந்துவிடும். பிற்பாடு பலரும் அதை முடக்கி வைத்தார்கள்.

ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து இரண்டு பட்டியல் எழுதினார். இடது பக்கம்: பேட்டரி, வயர், சுவிட்ச், ரிலே, மோட்டார், பம்பு, பூட்டு இணைப்பு. வலது பக்கம்: கை, வால்வு, புவியீர்ப்பு, கேஸ் ஸ்ட்ரட், பூட்டு இணைப்பு. “ரெண்டு பக்கமும் ஒரே சொல் வந்தா, அந்தச் சொல்லுக்கு பேக்கப் இல்லைன்னு அர்த்தம்” என்றார். ‘பூட்டு இணைப்பு’ என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டார். அதைத் தவிர்க்க வழியில்லை, அதனால் அதை மட்டும் அடிக்கடி பார்ப்பேன் என்றார்.

*

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பூட்டில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்குச் செத்திருந்தது கேஸ் ஸ்ட்ரட்.

அதை மாட்டிய வருடம் சோதித்திருக்கிறார். அப்போது மூன்று விளக்கும் எரிந்தன. அதன் பிறகு ஆறு வருடம் ஹேங்கரில் பம்பை வைத்துச் சக்கரத்தை எத்தனையோ முறை ஏற்றி இறக்கியாயிற்று. ஒவ்வொரு முறையும் மூன்று பச்சை. ஏனென்றால் பம்பின் பலத்துக்கு முன்னால் ஸ்ட்ரட் தேவையே இல்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இழந்துகொண்டிருந்ததை பம்பு மூடி மறைத்துவிட்டது. வழக்கமான முறை நன்றாக வேலை செய்ததால்தான் மாற்று முறை செத்தது யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அடிபம்பு இருந்தது. வீட்டுக்கு வீடு போர் போட்டு மோட்டார் வந்தபிறகு அதை யாரும் தொடவில்லை. கரண்ட் இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டோம். ஒரு மழைக்காலத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லை. குடத்தோடு போனால், கைப்பிடி லொடலொடவென்று ஆடியது. உள்ளே இருந்த தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. அது நனைந்துகொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். அடிக்காமல் விட்டதாலேயே கெட்டுப்போன பம்பு.

என் தொழிலில் இதற்கு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப், நகலெடுப்பு ஏற்பாடுகள் இருந்தன. எதுவும் கைகொடுக்கவில்லை. ஒன்றில் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் பேக்கப்பே எடுக்கப்படாமல் இருந்திருக்கிறது. அது தோற்றதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல். இதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அந்த வாரம் எத்தனை நிறுவனங்களில் எத்தனை பேர் சத்தமில்லாமல் தங்கள் பேக்கப்பைத் திறந்து பார்த்திருப்பார்கள்!

விமானத்திலும் அப்படி ஒன்று உண்டு. 2011 நவம்பர் 1. நியூவர்க்கிலிருந்து வார்சாவுக்குப் போன போலந்தின் லாட் நிறுவன போயிங் 767. கிளம்பியதுமே ஒரு ஹைட்ராலிக் குழாய் உடைந்தது. கவலையில்லை, சக்கரத்தை இறக்க மின்சாரத்தில் இயங்கும் மாற்று முறை இருக்கிறது என்று கடலைத் தாண்டிப் போனார்கள். வார்சாவில் மாற்று முறையை இயக்கினால் அசையவில்லை. 231 பேரோடு கேப்டன் ததேயுஷ் விரோனா விமானத்தை வயிற்றாலேயே இறக்கினார். யாரும் சாகவில்லை. பிறகு விமானத்தைத் தூக்கிவைத்து ஆராய்ந்தபோது, காக்பிட்டில் தரைக்கருகே ஒரு சர்க்யூட் பிரேக்கர் வெளியே வந்திருப்பதைப் பார்த்தார்கள். அதை அமுக்கி மாற்று முறையை இயக்கியதும் சக்கரங்கள் இறங்கின.

*

கைப்பிடியை எங்கே வைக்கிறோம் என்பதும் சின்ன விஷயமில்லை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் இறந்தது ஒரு லாங்-ஈஸியில். அவர் கட்டியதல்ல, பழையதாக வாங்கியது. கட்டியவர் பெட்ரோல் டேங்க் மாற்றும் வால்வை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றி வைத்திருந்தார். எட்டிப்பிடிக்க உடம்பைத் திருப்பினால் கால் தன்னையறியாமல் வலது ரட்டரை மிதிக்கும். வால்வோடு போராடும்போது அப்படித்தான் கட்டுப்பாட்டை இழந்தார் என்று விசாரணை சொன்னது. வால்வு இருந்தது. கைக்கு வாகாக இல்லை.

புது ஸ்ட்ரட் வந்த சனிக்கிழமை, பெரியவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, “கைப்பிடி எங்கே?” என்றார். தொட்டேன். “கதவைத் திறக்கிறது?” தொட்டேன். “பம்பு பிரேக்கர்?” தடவினேன், கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அந்த பிரேக்கருக்கு மட்டும் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டியிருந்தார், விரலுக்குத் தெரியும்படி.

பேனலின் மூலையில் மனைவியின் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. ‘இரண்டு தடவைக்கு மேல் முயற்சி செய்யாதே. ஒரு மணி நேர பெட்ரோல் இருக்கும்போதே இறங்கு.’

அது எதற்கு என்று எனக்குப் புரிய நாளானது. சின்ன விமானத்தைச் சக்கரம் இல்லாமல் ஓடுபாதையில் தேய்த்து இறக்கினால் பெரும்பாலும் ஆள் நடந்து வெளியே வந்துவிடுவார். சக்கரப் பிரச்சினையில் செத்தவர்களில் பலர் அதைச் சரிசெய்யும் முயற்சியில் செத்தவர்கள். 1972 டிசம்பர் 29 இரவு, மயாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தில் முன்சக்கர விளக்கு எரியவில்லை. காக்பிட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஆட்டோபைலட் உயரத்தை விட்டுவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதி சுமார் நூறு பேர் இறந்தார்கள். பல்புதான் போயிருந்தது. சக்கரம் இறங்கித்தான் இருந்தது. 1978 டிசம்பர் 28, போர்ட்லண்ட். யுனைடெட் 173. சக்கரச் சந்தேகத்தில் ஒரு மணி நேரம் வட்டமடித்து, பெட்ரோல் தீர்ந்து விழுந்தது. பத்து பேர்.

ஆக, எல்லா மாற்று வழிகளுக்கும் கடைசியில் இன்னொன்று இருக்கிறது: விமானத்தைக் கைகழுவுவது. புத்தகத்தில் படிக்க எளிது. பதினான்கு வருடம், தன் கையால் தேய்த்து மெருகேற்றிய வயிறு.

“தேய்ப்பீங்களா?” என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் பதில் இல்லை. “அதுக்குத்தான் அவளை எழுதச் சொன்னேன்” என்றார்.

*

ஸ்ட்ரட் செத்தது தெரிந்த அந்த முதல் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்பாசமுத்திரத்தில் ஞாயிறு காலை எட்டரை. எனக்கும் ஓர் அட்டைப் பட்டியல் இருந்தது, மனசுக்குள். அப்பாவுக்கு ஏதாவது என்றால் அம்மா எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிடுவாள். அவர் இல்லாவிட்டால் மதுரையில் இருக்கும் சித்தப்பா. பிறகு தெருமுனை ஆட்டோக்காரர். மூன்று பேக்கப். பத்து வருடமாக இந்தக் கணக்கில்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் எதிர்வீட்டு அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “அவுக மகன்கூட கோயம்புத்தூர் போயி எட்டு மாசம் ஆச்சே, நான் சொல்லலியா?” என்றாள்.

அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் உறைத்தது. மூன்று வரியிலும் முதல் சொல் அம்மா. மூன்று எண்ணும் அம்மாவின் போனில். விழுவது அம்மாவாக இருந்தால்?

“அம்மா, நீ பேசாம ஹால்லயே உட்காரு. இன்னொரு போன்ல நான் லைன்லயே இருக்கேன். அப்பா உன் போனை எடுத்து சித்தப்பாவைக் கூப்பிடட்டும்” என்றேன்.

“எதுக்குடா இப்ப அதெல்லாம்?” என்றாள். உட்கார்ந்தாள்.

அப்பா கண்ணாடி தேடினார். போனைத் தேடினார். போன் பூட்டியிருந்தது. அந்தக் கோலத்தை எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியாது. “எதைல அமுக்கணும்?” என்று என்னிடமே கேட்டார். 108 என்ற எண் தெரியும், பூட்டிய போனில் அதற்கு எப்படிப் போவது என்று தெரியாது. பதினோரு நிமிடம் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நடுவில் இரண்டு முறை எழுந்து சொல்லிக்கொடுக்க வந்தாள். “நீ விழுந்து கெடக்கம்மா, பேசக்கூடாது” என்றேன். சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பட்டன் போன் வாங்கச் சொன்னேன். சாமி படத்துக்குக் கீழே, சார்ஜரோடு. ஒன்றை அமுக்கிப் பிடித்தால் பக்கத்துத் தெரு டாக்டர், இரண்டு சித்தப்பா, மூன்று நான். அம்மா தொடக்கூடாது, அது அப்பாவுடையது. எண்களைக் காலண்டர் அட்டையில் மார்க்கரால் எழுதி ஒட்டச் சொன்னேன். எந்த இரண்டு வரியிலும் ஒரே சொல் வராமல் பார்த்துக்கொண்டேன். முழுக்க முடியவில்லை. அப்பா என்ற சொல் எல்லா வரியிலும் வருகிறது.

பெரியவர் அந்தக் கோடையில் முதல்முறையாகப் பறந்தார். சக்கரத்தை மடக்கவே இல்லை. முதல் பறப்பில் மடக்க வேண்டாம் என்பது பலர் கடைப்பிடிக்கும் வழக்கம். அவசியமில்லாத எதையும் முதல் நாளில் தொடக்கூடாது. இருபது நிமிடம் காலைத் தொங்கப்போட்டபடி வட்டமடித்துவிட்டு இறங்கினார். இப்போது மடக்குகிறார். வருடத்துக்கு ஒருமுறை கட்டாயமாகச் செய்ய வேண்டிய பரிசோதனையில், ஜாக்கியில் ஏற்றி, பம்பை அணைத்துவிட்டு, சிவப்புக் கைப்பிடியைத் திருப்புகிறார். விளக்கு எரிந்த பிறகும் விரலால் தள்ளிப் பார்க்கிறார்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை அப்பா மூன்றை அமுக்குவார். எனக்கு சனிக்கிழமை இரவு. வரும் என்று தெரிந்தும், அந்த எண்ணைத் திரையில் பார்த்ததும் ஒரு நொடி வயிறு கலங்கும். எடுப்பேன்.

“டெஸ்ட்டுதாம்ல. வச்சிருதேன்” என்பார். வைத்துவிடுவார்.